பித்தளைச் சூரியன் பார்த்தவர்கள்

தனித்தன்மை என்று எதுவும் இல்லாமல் இத்தனை வருஷமும் நிம்மதியாக நடந்துவந்த ஞானவாரிதி கலை அறிவியல் கல்லூரிக்கு, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அது அவசரமாகத் தேவைப்பட்டுவிட்டது.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், சவுக்குத் தோப்புக்கு நடுவே இருக்கிறது அந்தக் கல்லூரி. அன்றைக்குச் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி ஆள் எடுக்க வந்திருந்தது. கடைசி வருஷப் பிள்ளைகள் சாம்பல் நிறச் சீருடையில், ஒரே அளவு முடியோடு, ஒரே அளவு எண்ணெயோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உன்னைப் பற்றிச் சொல் என்று கேட்டதற்கு எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். மூச்சு வாங்கியதுகூட ஒரே இடத்தில். கம்பெனி அதிகாரி ஸ்ரீதர், ஒருவனுக்கும் இன்னொருவனுக்கும் வித்தியாசம் தெரியாமல், ஒரே பையனை இரண்டு தடவை நிராகரித்துவிட்டார். "பசங்ககிட்ட பர்சனாலிட்டி இல்ல சார், அடுத்த மாசம் வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

தாளாளர் ராஜாமணி அரிசி ஆலையிலிருந்து கல்விக்கு வந்தவர். எல்லா மூட்டையும் ஒரே ரகமாக இருப்பதுதான் பெருமை என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தவருக்கு இது பெரிய இடி. முதல்வர் சந்திரலேகாவையும் பேராசிரியர் கொளஞ்சியப்பனையும் அறைக்குக் கூப்பிட்டார். பர்சனாலிட்டி என்றால் என்ன, அது எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். விவரம் கேட்டுக்கொண்டு, "சரி, திங்கக்கிழமைக்குள்ள எறக்கிடுங்க" என்று உத்தரவு போட்டுவிட்டு மில்லுக்குக் கிளம்பிவிட்டார்.

இந்த இடத்தில் கொளஞ்சியப்பனைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம் பிடிக்கும். அவர் கல்லூரியின் ஒழுங்குக் குழுத் தலைவர். போன வாரம் வரைக்கும் தினமும் காலையில் அடிஸ்கேலோடு வாசலில் நிற்பார். சினிமாவில் யாரையாவது பார்த்து முடி வெட்டிக்கொண்டு வந்த பையன்களைப் பிடித்து வேப்ப மரத்தடிக்கு அனுப்புவார். அங்கே முடிதிருத்துகிற சாமிக்கண்ணு நாற்காலியும் கத்தரியுமாகத் தயாராக இருப்பார். கதாநாயகனாக உள்ளே நுழைந்தவன் அரைமணி நேரத்தில் தேங்காய் மட்டையாகி வகுப்புக்குப் போவான். சினிமாவால் நாடு கெட்டுப்போகிறது என்பது கொளஞ்சியப்பனின் கொள்கை. திங்கட்கிழமை காலையில் அவர் கொள்கையை மாற்றிக்கொண்டார். ஒழுங்குக் குழுவின் பெயர்ப்பலகையில் தனித்தன்மைக் குழு என்று எழுதப்பட்டது. பெயிண்ட் போதாததால் பழைய எழுத்தும் அடியில் தெரிந்தது. சாமிக்கண்ணுவுக்கும் ஆள் அனுப்பினார்கள். போன மாதம் வெட்டியதையெல்லாம் புதன்கிழமைக்குள் வளர்த்துத் தரவேண்டும் என்று கேட்டார்களாம். மனிதர் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மங்கலம்பேட்டையில் இருக்கிற மச்சான் வீட்டுக்குப் போய்விட்டார்.

முதல்வர் சந்திரலேகா இணையத்தில் எங்கேயோ படித்துவிட்டு ஒரு சுற்றறிக்கை தயாரித்தார். இனி ஒவ்வொரு புதன்கிழமையும் ஆளுமை நாள். அன்றைக்குச் சீருடை கிடையாது. ஒவ்வொரு மாணவரும் சினிமா, இசை, வெகுஜனக் கலாச்சாரம் ஆகியவற்றில் ஒருவரைத் தன் உந்துதலாகக் கொண்டு, தனக்கே உரிய பாணியைக் கண்டடைந்து, அதைக் குழுவிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதல் இல்லாதவர்கள் அடுத்த மாதம் கம்பெனி வரும்போது நேர்காணலில் உட்கார முடியாது. ஒரு நடிகரை அல்லது ஒரு படத்தை ஒரு வகுப்பில் இரண்டு பேருக்குமேல் எடுக்கக் கூடாது. தனித்தன்மை கெட்டுப்போகும் அல்லவா, அதற்காக.

பெரிய நட்சத்திரங்களுக்கு அடிதடி நடந்தது. கடைசியில் குலுக்கல் போட்டார்கள். தாமதமாக வந்தவர்களுக்கு வில்லன்கள் மிஞ்சினார்கள். அதற்கும் பிந்தியவர்களுக்குக் கதாநாயகியின் அண்ணன், நீதிபதி, இடைவேளைக்கு முன்னால் செத்துப்போகிற நண்பன். எழிலன் என்கிற பையனுக்கு மாமனார் வேஷக்காரர் ஒருவர் விழுந்தார். அவன் புதன்கிழமைதோறும் தோளில் துண்டும் நெற்றியில் கவலையுமாக வந்து, சீக்கிரத்திலேயே உண்மையாகவே கவலைப்பட ஆரம்பித்துவிட்டான்.

நித்யா மேரி இந்தச் சுற்றறிக்கையை நம்பினாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான்.

பி.காம் கடைசி வருஷம். வீடு கடலூர் முதுநகரில். அப்பா சந்தியாகு ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிற வேலை. பங்குக் கோயில் பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிப்பவர். தேர் பவனிக்கு வாசிப்பார், கல்யாண ஊர்வலத்துக்கு வாசிப்பார், சாவுக்கும் வாசிப்பார். மஞ்சள் காமாலையில் அவர் போனபோது அவருக்கு வாசிக்கச் செட்டில் வேறு டிரம்பெட்காரர் இல்லாமல் கிளாரினெட்டை வைத்துச் சமாளித்தார்கள். டிரம்பெட் செட்டுக்குச் சொந்தமானது, அதைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் மிஞ்சியது அவருடைய முழுக்கைச் சட்டைகள்தான்.

சந்தியாகு சட்டை போடுவதில் ஒரு முறை உண்டு. வலது கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டிருப்பார். இடது கை மணிக்கட்டுவரை இறங்கி, பொத்தானும் போட்டிருக்கும். காலருக்குள் ஒரு கைக்குட்டை. ஊர்வலத்தில் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் வாத்தியத்தை இடது கையின் மேல் சாய்த்துத்தான் நடக்க வேண்டும். பகல் மூன்று மணி வெயிலில் பித்தளை தோசைக்கல்லாகிவிடும். சட்டை இறங்கியிருந்தால் தோல் பிழைக்கும். கைக்குட்டை வேர்வைக்கு. இவ்வளவுதான் அதில் இருந்த கலை. ஆனால் நாளாக ஆக, வாத்தியம் இல்லாத நாளிலும், ஐஸ் கம்பெனிக்குப் போகும்போதும், பூசைக்கு வரும்போதும்கூட அவர் அப்படியேதான் இருந்தார். முதுநகரில் தூரத்திலிருந்து பார்த்தே சந்தியாகு வருகிறார் என்று சொல்லிவிடுவார்கள்.

உனக்கே உரிய பாணி என்று சுற்றறிக்கையில் படித்ததும் நித்யாவுக்கு வேறு யாருடைய முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை. முதல் ஆளுமை நாளன்று அப்பாவின் வெளிர்மஞ்சள் சட்டையைப் போட்டு, ஒரு கையை மடித்து ஒரு கையை இறக்கி, காலருக்குள் கைக்குட்டை வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். அம்மா புஷ்பமேரி பின்னால் வந்து நின்று பார்த்தாள். இடது கைப் பொத்தானை மட்டும் சரியாகப் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். அந்த ஒரு நாள் நித்யா கல்லூரிக்குச் சந்தோஷமாகப் போனாள்.

குழு, நூலகத்துக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தது. கொளஞ்சியப்பன் நடுவில், முதல்வர் வலப்பக்கம். வணிகவியலிலும் இயற்பியலிலும் இருந்து ஆளுக்கொருவர் ஓரத்தில்.

"யாரும்மா இன்ஸ்பிரேஷன்?" என்று கேட்டார் கொளஞ்சியப்பன்.

"எங்கப்பா சார்."

அவர் பேனாவை நிறுத்தினார். "எந்தப் படத்துல நடிச்சிருக்காரு?"

"நடிக்கல சார். டிரம்பெட் வாசிப்பாரு."

முதல்வரின் முகம் மலர்ந்தது. "மியூசிக் கேட்டகிரி. வெரி குட். ஆல்பம் பேரு என்ன?"

"ஆல்பமெல்லாம் இல்ல மேடம். தேருக்கு வாசிப்பாரு. சாவுக்கும் வாசிப்பாரு."

"சரி, எத்தன வியூஸ் போயிருக்கும்?"

நித்யா நேர்மையாக யோசித்தாள். "சாவுக்கு வந்தவுங்க எல்லாரும் பாத்துருப்பாங்க மேடம்."

குழு தன் தலையைத் தானே தடவிக்கொண்டது. பிறகு கொளஞ்சியப்பன், கோபமே இல்லாமல், பிள்ளைக்குப் புத்தி சொல்கிற குரலில் விளக்கினார். "அப்பா மாதிரி இருக்குறதுக்கு காலேஜ் எதுக்கும்மா? வூட்டுலயே இருந்துடலாமே. தனித்தன்மைன்னா என்னா? நாலு பேருக்கு ஏற்கெனவே தெரிஞ்சதா இருக்கணும். ஒனக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு ஆள வச்சிக்கிட்டு நீ எப்பிடிம்மா தனியாத் தெரிவ?"

இயற்பியல்காரர் இதைக் குறித்துக்கொண்டார். ஒப்புதல் மறுக்கப்பட்டது. அடுத்த புதன்கிழமைக்குள் முறையான ஒரு உந்துதலோடு வரவேண்டும், அதுவே கடைசித் தவணை.

போனால் போகிறது என்று விட்டுவிடலாம். ஆனால் நேர்காணல் போய்விடும். புஷ்பமேரி திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள். காலையிலிருந்து ராத்திரி கடை கட்டும்வரை நிற்க வேண்டும். விற்பனைப் பெண்கள் உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு கடைக்காரர் ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டார். அதன்மேல் புடவை அடுக்கியிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அம்மா காலை நீட்டிப்போட்டால் கணுக்கால் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். தனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டால் அம்மாவை வீட்டில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட வேண்டும், அது ஒன்றுதான் நித்யாவின் கனவு. படிப்பில் வேறு லட்சியம் அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

கூடப் படிக்கிற வெண்மதி, வடலூர்க்காரி, விவரமானவள். அவள் அலுத்துக்கொண்டாள். "எதாவது ஒரு படத்துப் பேரச் சொல்லித் தொலையேன்டி. நான் கொரியாப் பாட்டுக்காரி ஒருத்தி பேரச் சொன்னேன். இதுவரிக்கும் அவ பாட்டக் கேட்டதுகூட இல்ல. கம்மல மட்டும் மாத்துனேன், பாஸ் பண்ணிட்டாங்க. ஒங்கப்பாவ மனசுல வச்சிக்க, வாயில படத்துப் பேரச் சொல்லு. என்னா கொறஞ்சிடப்போவுது?"

என்ன குறையும் என்று அப்போது நித்யாவுக்கும் தெரியவில்லை.

அடுத்த புதன்கிழமை அதே சட்டை, அதே மடிப்பு. தெரிந்த படம் ஒன்றைச் சொன்னாள். கொளஞ்சியப்பன் பட்டியலில் விரலை ஓட்டிப் பார்த்து, அது நிரம்பிவிட்டது என்றார். இன்னொன்றைச் சொன்னாள், அதுவும் நிரம்பியிருந்தது. மூன்றாவதில் ஒரு இடம் இருந்தது, ஆனால் அது ஆண்களுக்கு. நித்யாவுக்கு வியர்த்தது. காலரில் இருந்த கைக்குட்டையை எடுத்துத் துடைத்தாள். அப்பாவும் வெயிலும் அந்த வாத்தியமும் மனசில் வந்து போயின. "பித்தளைச் சூரியன்" என்று சொல்லிவிட்டாள்.

குழு உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படியொரு படம் பூமியில் வந்தது கிடையாது. ஆனால் அதைத் தெரியாது என்று முதலில் சொல்லப்போவது யார்? இரண்டு வாரமாகச் சினிமா ஞானத்துக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்.

கொளஞ்சியப்பன் மெல்லக் கண்ணை மூடினார். "ஆகா" என்றார். "எத்தன வருசமாச்சி. செதம்பரத்துல, இப்ப கல்யாண மண்டபமா இருக்கே, அந்தத் தேட்டர்ல பாத்தேன். மழையில நனஞ்சிக்கிட்டே டிக்கெட் வாங்குனேன்."

"கிளைமாக்ஸ்ல நான் அழுதுட்டேன்" என்றார் முதல்வர்.

வணிகவியல்காரர் கதை சுமார்தான், பாட்டுக்காக ஓடியது என்றார். இயற்பியல்காரர் ஒளிப்பதிவைப் பாராட்டினார். ஒரே மனதாக ஒப்புதல் கிடைத்தது. நித்யா வெளியே வந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. வேப்ப மரத்தடிக்கு வருவதற்குள் அது நின்றுவிட்டது.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, விஷயம் அதோடு முடியவில்லை. ஒரு வாரத்துக்குள் ஆசிரியர் அறையில் பித்தளைச் சூரியன் பார்க்காதவர் ஒருவரும் இல்லை. சிலர் இரண்டு தடவை பார்த்திருந்தார்கள். வணிகவியல்காரர் அதிலிருந்து ஒரு பாட்டை முணுமுணுத்தார். மறுநாள் இன்னும் இருவர் அதே மெட்டை, அவரைவிடச் சுத்தமாக முணுமுணுத்தார்கள். நாயகன் ஏன் இடது கைச் சட்டையை மட்டும் இறக்கிவிட்டிருந்தான் என்பதில்தான் தகராறு வந்தது. அங்கே காதலியின் பெயரைப் பச்சை குத்தியிருந்தான், ஊர் பார்க்கக் கூடாது என்று மறைத்தான் என்பது கொளஞ்சியப்பன் கட்சி. இல்லவே இல்லை, பண்ணையாரின் சவுக்கடித் தழும்பு, அதைத் தாயார் பார்க்கக் கூடாது என்று மறைத்தான், தான் அழுததே அந்தக் காட்சியில்தான் என்பது முதல்வர் கட்சி. இரண்டு கட்சியும் தனித்தனி மேசையில் டீ குடித்தன. தேர்வுத் தாள் திருத்துகிற வேலை ஒரு வாரம் நின்றது. கடைசியில் ஆசிரியர் பேரவை கூடி, படம் கடலூரில் ஒரு மாதிரியும் சிதம்பரத்தில் ஒரு மாதிரியும் வெட்டித் திரையிடப்பட்டது என்று தீர்மானம் போட்டுச் சமாதானம் செய்தது.

நித்யாவைக் கூப்பிட்டும் கேட்டார்கள். பச்சையா, தழும்பா? அப்பாவின் கையில் பழைய சூட்டுத் தழும்பு ஒன்று இருந்தது உண்மை. அவர் படுத்த படுக்கையாக இருந்தபோது அதைத் தடவிக்கொடுத்துக்கொண்டே அவள் உட்கார்ந்திருக்கிறாள். அதைப் பண்ணையார் அடித்தது என்று இவர்கள் சொல்லக் கேட்டதும், வகுப்புக்கு மணியடித்துவிட்டது என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். இனிமேலும் சும்மா இருக்கக் கூடாது என்று மறுநாள் முதல்வர் அறைக்குத் தனியாகப் போனாள். அப்படி ஒரு படமே கிடையாது, பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று சொன்னாள்.

முதல்வர் சந்திரலேகா கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, நிஜமான திகில் இருந்தது.

"அப்ப நான் எதுக்கும்மா அழுதேன்?" என்று கேட்டார்.

முதல்வர் அவளைத் தட்டிக்கொடுத்து, நேர்காணல் பயத்தில் பிள்ளைகள் இப்படிக் குழம்புவது சகஜம்தான் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார். போகும்போது ஒரு நல்ல செய்தியும் சொன்னார். கம்பெனி அதிகாரி ஸ்ரீதர் வரும் தினத்தையே ஆளுமைத் திருவிழாவாகக் கொண்டாடப் போகிறார்கள். கல்லூரியின் சிறந்த தனித்தன்மை விருது நித்யா மேரிக்குத்தான். பெற்றோரைக் கட்டாயம் அழைத்து வர வேண்டும்.

புஷ்பமேரி கடையில் பாதி நாள் லீவு கேட்டு வாங்கினாள். சட்டைக்குக் கஞ்சி போட்டு, இஸ்திரிப் பெட்டியை இரண்டு வீடு தள்ளிக் கேட்டு வாங்கித் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே, அப்பா பேரை மைக்கில் சொல்வார்களா என்று கேட்டாள். கோயில் பூசையில் இறந்தவர்களின் பெயர்களைப் படித்தபோது ஒரு தடவை சொன்னதோடு சரி, அதற்குப் பிறகு அந்தப் பேரை மைக்கில் கேட்கவே இல்லை என்றாள். நித்யா சொல்வார்கள் என்று தலையாட்டினாள். அவர்கள் சொல்லாவிட்டாலும் தான் சொல்லிவிடுவது என்று அப்போதே முடிவு செய்துகொண்டாள். வேலை போனாலும் போகட்டும்.

திருவிழா நாளில் கல்லூரிப் பந்தலில் கதாநாயகர்களும் வில்லன்களும் நீதிபதிகளும் துறைவாரியாக வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வரிசை மாறாமல் இருக்கக் கொளஞ்சியப்பன் அடிஸ்கேலோடு நடந்துகொண்டிருந்தார். புஷ்பமேரிக்கு முன்வரிசையில் நாற்காலி கொடுத்தார்கள். அவள் ஓரமாக உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

தாளாளர் ராஜாமணி பேசினார். "முன்னெல்லாம் நம்ம காலேஜுல தனித்தன்மை இருந்தா வெளிய அனுப்பிடுவோம். இப்ப இல்லன்னா அனுப்பிடுறோம். வித்தியாசம் அவ்ளோதான். டிசிப்ளின் அதே டிசிப்ளின்தான். நானும் அந்தப் படத்தப் பாத்துருக்கேன், மில்லுல இருந்த காலத்துல. நம்ம ஊருல நூறு நாளு ஓடுச்சி. அதனால ஒரு முடிவு எடுத்துருக்கேன். அடுத்த வருசத்துலேர்ந்து எல்லாப் புள்ளைங்களும் இந்தப் பொண்ணு மாதிரியே தனித்தன்மையா வரணும். வலது கை மேல, எடது கை கீழ. ஒருத்தராவது மாறி வந்தீங்கன்னா, கேட்டுல கொளஞ்சியப்பன் சார் நிப்பாரு."

பலத்த கைதட்டல். யார் கைதட்டவில்லை என்று கொளஞ்சியப்பன் பார்த்துக்கொண்டார்.

பிறகு நித்யாவை மேடைக்கு அழைத்து விருதைக் கொடுத்தார்கள். ஏற்புரைக்காக மைக்கை நீட்டினார்கள். அவள் அம்மாவைப் பார்த்தாள். மைக்கை வாங்கிச் சொன்னாள்.

"இது எங்கப்பா சட்ட. எங்கப்பா பேரு சந்தியாகு, டிரம்பெட் வாசிப்பாரு. வெயில்ல பித்தள சுடும்னுதான் இந்தக் கைய எறக்கி வுட்டுருப்பாரு. நான் யாரயும் பாத்துச் செய்யல. பித்தளைச் சூரியன்னு ஒரு படமே கெடையாது. நானா சொன்ன பொய் அது."

மேடையில் இருந்த எல்லாரும் காலம் காலமாகப் பார்த்த படம் ஒரு நிமிஷத்தில் இல்லாமல் போவதா? தாளாளர் முதல்வரைப் பார்த்தார், முதல்வர் கொளஞ்சியப்பனைப் பார்த்தார். கொளஞ்சியப்பன் எழுந்து வந்து மைக்கை வாங்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. அதில் நடிப்பு இல்லை, அதுதான் கொடுமை.

"பாத்தீங்களா" என்றார். "ஒரு நல்ல படத்தோட சக்தியப் பாத்தீங்களா. இந்தப் பொண்ணோட அப்பா, ஒரு சாதாரணத் தொழிலாளி, அந்தக் காலத்துல படத்தப் பாத்துட்டு வந்து, அந்த நாயகனாவே வாழ்ந்துருக்காரு. அது படம்னே தெரியாம இந்தப் புள்ளையும் வாழ்ந்துக்கிட்டு இருக்கு. சந்தியாகு அவர்கள் நம்ம பித்தளைச் சூரியனோட முதல் ரசிகர். அவருக்கு ஒரு கைதட்டு."

இந்தமுறை கைதட்டலைக் கண்காணிக்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் எழுந்து நின்று தட்டினார்கள். மாமனார் வேஷத்தில் இருந்த எழிலன் துண்டால் கண்ணைத் துடைத்தான். சந்தியாகுவின் பெயர் மைக்கில் மூன்று தடவை ஒலித்தது. ஸ்ரீதர் எழுந்து, தானும் சின்ன வயதில் அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்ததாகவும், மேடையில் இவ்வளவு தைரியமாகப் பேசுகிற பெண்தான் தன் கம்பெனிக்கு வேண்டும் என்றும் சொல்லி, நேர்காணலே இல்லாமல் வேலை உத்தரவை அங்கேயே அறிவித்தார். நித்யா மைக்கைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள். யாரோ அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

சாயங்காலம் கடலூர் பஸ்ஸில் இடம் கிடைத்தது. புஷ்பமேரி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். விருதுக் கேடயம் அவள் மடியில் இருந்தது. பஸ் ஆலப்பாக்கம் தாண்டியது. வேலை கிடைத்த சந்தோஷம் முகத்தில் இருக்கிறதா என்று நித்யா ஓரக்கண்ணால் பார்த்தாள். அம்மா சட்டையின் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணமான புதுசுல ரெண்டு கையயும் மடிச்சித்தான் வுட்டுருப்பாரு" என்றாள் புஷ்பமேரி. "ஒருநாளு சாவு ஒண்ணு வாசிச்சிட்டு வந்தாரு. கையில பெரிய கொப்புளம். தேங்காண்ண தடவுனேன். நாளையிலேர்ந்து அந்தக் கைய எறக்கி வுட்டுக்கிட்டுப் போன்னு நாந்தான் சொன்னேன். அதுக்கப்பறம் ஏத்தவே இல்ல. தூங்கும்போதுகூட."

இது நித்யாவுக்குத் தெரியாது. யாரும் அவளிடம் சொன்னதில்லை. அப்பாவின் பாணி என்று இத்தனை நாளும் அவள் நினைத்தது அம்மாவின் ஒரு சொல். மேடையில் அதையல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

"நான் சொன்ன சொல்லுக்காவத்தான் எறக்கி வுட்டாருன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன், இத்தினி வருசமா" என்றாள் அம்மா.

"அதுக்குத்தாம்மா. நீ சொன்னதுக்குத்தான். படமே கெடையாதும்மா, சத்தியமா. நான் வுட்ட கத."

புஷ்பமேரி மகளின் கன்னத்தைத் தொட்டாள். தன்னைத் தேற்றுவதற்காகப் பிள்ளை பொய் சொல்கிறது என்று நினைக்கிறவர்கள் தொடுகிற மாதிரி இருந்தது அது.

"வுடும்மா. அத்தினி பேரு படிச்சவுங்க பாத்தோங்குறாங்க. அந்த மேடம் அழுதுச்சாம். எல்லாருமா பொய் சொல்லுவாங்க?"

கண்டக்டர் பழைய பாட்டு ஒன்றைப் போட்டார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"படத்துக்குப் போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தாருன்னா, நானும் கூடப் போயிருப்பேன்" என்றாள்.